மூட்டம் உடையும் இடம்

 

பேச வருபவரே தலைப்பைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளைக்காரர்கள் சொன்னதும், எனக்குப் பிடித்த ஒன்றை எழுதி அனுப்பிவிட்டேன்: 'விண்மீன்களுக்கு நடுவே கொதிக்கும் வாயு எங்கே தப்பிப் போகிறது?' நேற்றுச் சாயங்காலம் உச்சிப்புளியில் ரயிலைவிட்டு இறங்கிப் புதுமடம் வந்து சேர்ந்தேன். டீக்கடையில் ஒரு பெரியவர் அழைப்பிதழை முழுதாகப் படித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "வானத்துல காத்தே இல்லேன்னுதானே ஸார் பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுக்குறாங்க. இல்லாத காத்து எங்கிட்டு ஸார் தப்பிச்சுப் போகும்?"

டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தேன். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் இவ்வளவு நேரான கேள்வி வந்ததில்லை. இன்றைய பேச்சு முழுக்க அவருக்கான பதில்தான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பாதியில் எழுந்து போனாரென்றால் நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில், ஒரு சுண்டல் கடலை அளவுதான் அது, சுமார் 2.7 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கின்றன. விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் அதே இடத்தில் சராசரியாக ஒரு அணு. நான் பேசப்போகும் கொதிக்கும் வாயுவில் அதுவும் கிடையாது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொள்ளும் இடத்தில் ஒன்றிலிருந்து பத்து அணு இருந்தால் பெரிது. பூமியில் எந்தப் பம்பு வைத்து உறிஞ்சினாலும் இவ்வளவு காலியான இடத்தை உண்டாக்குவது அரிது. ஆனால் அந்த ஒன்றிரண்டு அணுக்களும் பறக்கிற வேகத்தைக் கணக்கிட்டால் வெப்பநிலை பத்து லட்சம் டிகிரி வருகிறது. கையை நீட்டினால் சுடுமா என்றால், சுடாது. மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் இருந்தும் குழந்தையின் புறங்கையில் விழுந்து அணைந்துபோவதில்லையா, அதே கதைதான். சூடு அதிகம், சூட்டைச் சுமக்க ஆள் குறைவு.

ஆனால் வானத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் ஒளியாண்டு அகலத்துக்கு இந்த மெல்லிய வாயு நிறைந்து நிற்கும்போது, அதன் மொத்த அழுத்தம் பக்கத்திலிருக்கும் குளிர்ந்த மேகங்களைப் பிடித்துத் தள்ளப் போதுமானது. இந்தக் கரையில் திசைக்கொரு காற்று உண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். எது எப்போது கிளம்பும், எது வலையைக் கிழிக்கும் என்று கடலோடிக்குத் தெரியும். வானத்துக் காற்று ஒன்று இருக்கிறது என்பதே வானியலாருக்குப் போன நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் உறைத்தது.

அது உறைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். நம் பால்வீதி ஒரு தட்டு. அகலம் லட்சம் ஒளியாண்டு. அதில் வாயு இருக்கும் அடுக்கோ சில நூறு ஒளியாண்டுக் கனம்தான். தோசையைவிட மெல்லியது. அந்தத் தட்டுக்கு மேலே வெகு உயரத்தில் சில வாயு மேகங்கள் தனியாக மிதப்பதை கைடோ முன்ச் என்ற வானியலாளர் கண்டார். சுற்றிலும் ஒன்றுமே இல்லையென்றால் அந்த மேகங்கள் கலைந்து போயிருக்க வேண்டும். கலையவில்லையென்றால், வெளியிலிருந்து ஏதோ ஒன்று அவற்றை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். 1956இல் லைமன் ஸ்பிட்சர் இந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு போய், பால்வீதித் தட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பத்து லட்சம் டிகிரி வாயுப் போர்வை இருக்கிறது என்றார். அதைப் பார்க்கிற கருவி அன்று யாரிடமும் இல்லை. 1972இல் ஏவப்பட்ட கோப்பர்நிகஸ் செயற்கைக்கோள், ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணுக்களை விண்மீன்களுக்கு நடுவே கண்டுபிடித்தது. ஆக்சிஜன் அந்தக் கதிக்கு ஆளாக வேண்டுமென்றால் சுமார் மூன்று லட்சம் டிகிரிச் சூடு வேண்டும். கொதிக்கும் வாயு இருப்பது உறுதியாயிற்று.

சரி, கொதிக்க வைத்தது யார்?

இங்கே எங்கள் ஊர்க் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முதுகுளத்தூர்ப் பக்கம். எங்கள் பக்கத்துக்குச் சீமைக் கருவேலம் சாபமா வரமா என்று பட்டிமன்றம் வைத்தால் விடியும்வரை நடக்கும். மழை பொய்த்த வருஷங்களில் அதுதான் சோறு போட்டது, கரிமூட்டம் வழியாக. விறகைக் கூம்பாக அடுக்கி, செத்தையும் வைக்கோலும் போட்டு மூடி, அதன்மேல் ஈரமண் பூசி, உள்ளே தீ வைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புழுங்கி வேகும். முதலில் வெள்ளைப் புகை திரண்டு வரும். வேக வேக அது மெலிந்து நீலம் பாயும். என் சித்தப்பா மூட்டத்துப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பார். தூக்கத்திலும் காது விழித்திருக்கும். எங்கேயாவது மண் வெடித்துப் பொத்தல் விழுந்தால் ஓடிப்போய் ஈரமண்ணால் அப்புவார். கவனிக்காமல் விட்டால் காற்று உள்ளே புகுந்து, விடிவதற்குள் அத்தனை விறகும் சாம்பல்.

பால்வீதித் தட்டையும் ஒரு கரிமூட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த வாயு அடுக்குதான் மண்பூச்சு. உள்ளே இருக்கும் தீ, பெரிய விண்மீன்கள். சூரியனைப்போல எட்டு மடங்குக்குமேல் எடையுள்ள விண்மீன் எதுவும் நீண்ட நாள் வாழ்வதில்லை. மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்குள் சூப்பர்நோவாவாக வெடித்துவிடும். ஒரு வெடிப்பின் ஆற்றல், நம் சூரியன் தன் ஆயிரம் கோடி ஆண்டு ஆயுள் முழுக்க வெளியிடும் ஒளிக்கு ஏறத்தாழச் சமம். பால்வீதியில் நூறு ஆண்டுக்கு இரண்டு வெடிப்பு நடக்கிறது என்பது பொதுக் கணக்கு.

இவ்வளவு பெரிய வெடி ஒன்று போதுமே, மெல்லிய தட்டைப் பிய்த்துக்கொண்டு போக என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நடப்பது அப்படியல்ல.

தனியாக வெடிக்கும் சூப்பர்நோவா தன்னைச் சுற்றியிருக்கும் வாயுவை வாரிக் குவித்துக்கொண்டே விரிகிறது. குவிந்த வாயு ஒரு ஓடாகிறது. ஓடு அடர்த்தியாக ஆக, அதற்குள்ளிருக்கும் அணுக்கள் ஒன்றோடொன்று அதிகம் மோதுகின்றன. மோதும்போதெல்லாம் கொஞ்சம் ஆற்றல் ஒளியாக வெளியேறிவிடுகிறது. அடர்த்தி இரண்டு மடங்கானால், ஒரே அளவு இடத்திலிருந்து வெளியேறுவது நான்கு மடங்காகும். ஆக, வாரிக் குவிக்கிற வேலையே அதன் வினையாகிறது. லட்சம் ஆண்டுக்குள் ஓடு குளிரத் தொடங்கி, முன்னூறு ஒளியாண்டைத் தாண்டுமுன் நின்றுபோகிறது. பத்து லட்சம் ஆண்டில் வெடிப்பின் விசை அநேகமாக முழுதும் காலி.

இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுக் காட்டியவர்கள் நமக்கு அதிக தூரத்தில் இல்லை. சர் சி. வி. ராமன் 1948இல் பெங்களூரில் தொடங்கிய ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பிமன் நாத், அர்பிதா ராய்; அதே ஊரில் இந்திய அறிவியல் கழகத்தில் பிரதீக் சர்மா; ரஷ்யாவிலிருந்து யூரி ஷெகினோவ். 2014இல் இவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைப்பே கேள்விதான்: பெருங்குமிழிகளால் ஆகிற வேலை தனித்தனி சூப்பர்நோவாக்களால் ஏன் ஆவதில்லை? இந்திய விண்வெளி ஆராய்ச்சி என்றாலே ராக்கெட் புகையைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, நாலு பேர் கணினியும் காகிதமுமாக உட்கார்ந்து செய்யும் இந்த மாதிரி வேலை செய்தித்தாளில் கண்ணில் படுவதில்லை. அது செய்தித்தாளின் குறை.

அவர்கள் கண்டது இது. பெரிய விண்மீன்கள் தனியாகப் பிறப்பதில்லை. ஒரே மேகத்தில் கொத்தாகப் பிறந்து, ஒரே வட்டாரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன. முதல் வெடிப்பு சுற்றியிருந்த வாயுவையெல்லாம் தள்ளி ஒரு காலியான குழியை உண்டாக்கிவிட்டு ஓய்ந்துபோகிறது. இரண்டாவது வெடிப்பு அந்தக் குழிக்குள் நடக்கிறது. அங்கே அடர்த்தி இல்லை, மோதல் இல்லை, ஒளியாக விரயமாகும் ஆற்றலும் இல்லை. வெடிப்பின் முழு விசையும் குழியின் விளிம்புவரை போய் ஓட்டின்மேல் அறைகிறது. கருவேலங்காட்டில் முதலில் போகிறவன் முள்ளை வெட்டி வெட்டியே களைத்து விழுவான். பின்னால் வருகிறவன் அந்த வழியில் ஓடிப்போவான். இப்படி முப்பது, நூறு, ஆயிரம் வெடிப்புகள் ஒரே குழிக்குள் நடந்தால் அதுதான் பெருங்குமிழி. தனி வெடிப்பு தன் விசையை அநேகமாக முழுதும் இழக்கும் இடத்தில், பெருங்குமிழி நூற்றுக்கு நாற்பது வரை கையில் வைத்துக்கொள்கிறது, அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு.

அந்த நாற்பதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். 2014ஆம் ஆண்டுக் கணக்கு, குமிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிகிறது என்று வைத்துப் போட்டது. 2017இல் நவீன் யாதவும் திபஞ்சன் முகர்ஜியும் சர்மா, நாத் ஆகியோரோடு சேர்ந்து மூன்று பரிமாணத்தில் போட்டுப் பார்த்தார்கள். அங்கே சூடும் குளிரும் கலக்கின்றன. மிஞ்சும் பங்கு குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதில் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அடிப்படைச் செய்தி அசையவில்லை. எவ்வளவு பலமாக வெடித்தது என்பதைவிட, எங்கே, யாருக்குப் பின்னால் வெடித்தது என்பதுதான் வாயு தப்புமா தப்பாதா என்று தீர்மானிக்கிறது.

இப்போது மூட்டம் உடைவதற்கு வருவோம். இந்தப் பகுதிக்கான கணக்கு அணுகுண்டிலிருந்து வந்தது. காற்று மேலே போகப் போக மெலிகிறது. அப்படிப்பட்ட காற்றுமண்டலத்தில் ஒரு பெரிய குண்டு வெடித்தால் வெடிப்பு எந்த வடிவில் பரவும்? சோவியத் இயற்பியலாளர் கம்பனேயட்ஸ் 1960இல் இதற்கு விடை கண்டார். பக்கவாட்டில் அடர்ந்த காற்று தடுப்பதால் வெடிப்பு அங்கே தயங்குகிறது. மேல்பக்கம் தடை குறையக் குறைய வேகம் பிடிக்கிறது. வேகம் பிடித்ததால் இன்னும் மெலிந்த இடத்துக்குப் போய் மேலும் வேகம் பிடிக்கிறது. அவருடைய சமன்பாட்டின்படி, குறிப்பிட்ட நேரத்துக்குள் வெடிப்பின் உச்சி எல்லையற்ற உயரத்துக்குப் போய்விடும். நிஜத்தில் எல்லையற்றது எதுவுமில்லை என்றாலும் போக்கு சரியானது. உயிரைக் குடிக்க வந்த கணக்கு பால்வீதியின் தட்டுக்கு அச்சாகப் பொருந்தியது. தட்டிலும் வாயு மேலே போகப் போக மெலிகிறதே!

உருண்டையாக இருந்த குமிழி தட்டின் விளிம்பை நெருங்கும்போது நீண்டு முட்டை வடிவம் எடுக்கிறது. உச்சியிலிருக்கும் ஓடு மெலிந்து, வேகமாக மேலே தள்ளப்படுகிறது. கீழே இலேசான சூடான வாயு. அதன்மேல் கனத்த குளிர்ந்த ஓடு. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை நிறுத்தி வைத்தால் நிற்குமா? தண்ணீர் விரல் விரலாக இறங்கும், எண்ணெய் இடையில் புகுந்து ஏறும். ஓடும் அப்படியே விரல் விரலாகக் கிழிந்து துண்டாகிறது. துண்டுகளுக்கு நடுவிலிருந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த வாயு பீறிட்டுக் கிளம்புகிறது. கொலின் நார்மனும் சதோரு இகேயுச்சியும் 1989இல் இதற்குப் புகைபோக்கி என்று பெயர் வைத்தார்கள். 1996இல் கனடாவின் வானொலித் தொலைநோக்கி, பால்வீதியின் பெர்சியஸ் கையில் அப்படி ஒரு புகைபோக்கியைப் படமெடுத்தது. அடியில் இளம் விண்மீன் கொத்து, மேலே கூம்பாகத் திறந்த வெற்றுக் குழல்.

இந்த இடத்தில் என் கரிமூட்ட உவமை உடைகிறது, மறைக்க வேண்டியதில்லை. மூட்டத்தில் பொத்தல் விழுந்தால் விறகு சாம்பல், சித்தப்பாவுக்கு நஷ்டம். தட்டில் பொத்தல் விழாவிட்டால்தான் நஷ்டம். எப்படியென்று பாருங்கள். பால்வீதியில் இப்போது ஆண்டுக்குச் சுமார் இரண்டு சூரியன் எடைக்கு விண்மீன்கள் உருவாகின்றன. இருக்கிற வாயு முழுவதும் தன் எடையைத் தாங்காமல் தடையின்றிச் சரிந்துகொண்டே இருந்தால் இதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு வேகத்தில் விண்மீன்கள் உருவாகி, சில கோடி ஆண்டுகளிலேயே சரக்கு தீர்ந்திருக்கும். சூரியன் பிறந்தது 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதற்குள் வாயு தீர்ந்திருந்தால் நாமும் இல்லை, புதுமடமும் இல்லை. வாயுவைக் கலக்கி, சூடேற்றி, ஒரு பங்கைத் தட்டுக்கு வெளியே தூக்கி எறிந்து அந்த வேகத்தைத் தடுப்பதில் பெருங்குமிழிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெரியவர் கேட்ட 'எங்கிட்டு' இங்கேதான் வருகிறது. பத்து லட்சம் டிகிரி வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். நம் வட்டாரத்திலிருந்து பால்வீதியின் ஈர்ப்பை உதறிவிட்டுப் போக விநாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே பெரும்பாலான வாயு தப்பிப்பதில்லை. ஆயிரக்கணக்கான ஒளியாண்டு உயரம் ஏறி, ஆறி, மேகமாகத் திரண்டு, திரும்பத் தட்டின்மேலேயே விழுகிறது. பால் ஷபிரோவும் ஜார்ஜ் ஃபீல்டும் 1976இல் இதை நீரூற்று என்று வர்ணித்தார்கள். எனக்கு நீரூற்றைவிட மழை என்பது பொருத்தமாகப் படுகிறது. கடல் ஆவியாகி, வேறெங்கோ பெய்கிறது. பெருங்குமிழியிலிருந்து கிளம்பிய வாயுவும் கிளம்பிய இடத்திலேயே விழ வேண்டும் என்று கட்டாயமில்லை. வெடித்த விண்மீன்கள் சமைத்த ஆக்சிஜனையும் இரும்பையும் சுமந்துகொண்டு போய் வேறொரு வட்டாரத்தில் இறக்குகிறது. நாம் இப்போது இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்சிஜனில் ஒரு பகுதி, சூரியன் பிறப்பதற்கு முன் ஒருமுறையாவது தட்டுக்கு வெளியே போய்த் திரும்பியிருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். இதை யாரும் அளந்ததில்லை. என் கற்பனை என்றே வையுங்கள்.

முழுதாகத் தப்புகிற இடங்களும் உண்டு. அர்பிதா ராயும் மற்றவர்களும் 2013இல் அதற்கான வாசற்படியைக் கணக்கிட்டார்கள். 3,260 ஒளியாண்டு நீள அகலமுள்ள சதுரத்தில், பத்து ஆண்டுக்கு ஒரு சூரியன் எடை என்ற வீதத்தில் விண்மீன்கள் பிறந்தால், அங்கே குமிழிகள் மென்மையாக உடைவதில்லை, சூறாவளியாகக் கிளம்புகின்றன. நம் பக்கத்துப் பரப்பில் பிறப்பு வீதம் இதைவிட மிகக் குறைவு. ஆனால் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்82 என்ற விண்மண்டலத்தில் படியைத் தாண்டிப் பல மடங்கு போய்விட்டது. அதன் தட்டுக்கு மேலும் கீழும் சிவப்பு இழைகள் பீறிட்டுக் கிளம்புவதை லிண்ட்ஸும் சாண்டேஜும் 1963இல் விவரித்தார்கள். அந்த இழைகளுக்கு நடுவே பாயும் கொதிவாயுவை எக்ஸ்ரேயில் தெளிவாகக் காட்டியது சந்திரா தொலைநோக்கி. 1999 ஜூலையில் ஏவப்பட்ட அது, நம் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

பால்வீதியின் மையத்திலிருந்தும் மேலும் கீழும் சுமார் 25,000 ஒளியாண்டுக்கு இரண்டு பூதக் குமிழிகள் நிற்கின்றன. 2010இல் ஃபெர்மி செயற்கைக்கோள் தரவில் கண்டுபிடித்தார்கள். கருந்துளையின் வேலை என்று ஒரு கட்சி, விண்மீன் வெடிப்புகளின் வேலை என்று ஒரு கட்சி. கார்த்திக் சர்க்காரும் பெங்களூர்க்காரர்களும் 2015இல் இரண்டாம் கட்சிக்காக வாதாடினார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

தப்புவதைப் பற்றி இன்னொரு வழக்கும் நிலுவையில் உண்டு. அது எனக்கு இன்னும் சுவாரசியமானது. ஒரு விண்மீன் கொத்து, வெடிப்புகளுக்கு முன்பே, எவ்வளவு ஆற்றலைக் காற்றாக வீசுகிறது என்று கணக்கிடலாம். அதைச் சுற்றியுள்ள குமிழியில் எவ்வளவு சூடான வாயு இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் அளக்கலாம். வரவும் இருப்பும் பொருந்த வேண்டும். பொருந்தவில்லை; இருப்பு மிகக் குறைவு. அன்னா ரோசனும் கூட்டாளிகளும் 2014இல் பல கொத்துகளின் பேரேட்டைப் புரட்டி, காணாமல்போன ஆற்றல் எங்கே என்று தேடினார்கள். ஓட்டிலுள்ள ஓட்டைகள் வழியாக வாயு கசிந்திருக்கலாம். அல்லது, சூடான வாயு குளிர்ந்த ஓட்டின்மேல் உரசும் எல்லையில் இரண்டும் கலந்து லட்சம் டிகிரி அளவுக்கு இறங்கி, அங்கே சட்டென்று ஒளியாகக் கரைந்திருக்கலாம். லட்சம் டிகிரி என்பது வாயுவுக்கு மோசமான வயது. அந்த வெப்பநிலையில்தான் ஆற்றல் மிக வேகமாகக் கைவிட்டுப் போகும். என் அபிப்பிராயத்தில் இரண்டுமே நடக்கிறது, ஆனால் கலப்புதான் பெரிய திருடன். ஓட்டை கண்ணில் படும், படத்தில் அழகாக விழும், அதனால் பழி அதன்மேல் விழுகிறது.

இவ்வளவு தூரத்துக் கதை போதும். நாம் உட்கார்ந்திருப்பதே ஒரு பெருங்குமிழிக்குள். சூரியனைச் சுற்றி ஆயிரம் ஒளியாண்டு அகலத்துக்கு அடர்ந்த வாயு இல்லை. கேத்தரின் ஸக்கர் தலைமையிலான குழு 2022இல் இதன் வரலாற்றைத் திரும்ப ஓட்டிப் பார்த்தது. 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் பதினைந்து சூப்பர்நோவாக்கள் அடுத்தடுத்து வெடித்து இந்தக் குழியைத் தோண்டியிருக்கின்றன. வெடித்தவை தேள் மண்டலத்திலும் அதற்குத் தெற்கேயுள்ள வானத்திலும் பரந்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்தக் கூட்டத்தில் இன்றும் மிஞ்சியிருக்கும் சிவந்த பெரியவள் ஒருத்தியை நீங்கள் அறிவீர்கள்: கேட்டை. அவளும் ஒருநாள் வெடிப்பாள். சூரியன் இந்தக் குழிக்குள் பிறக்கவில்லை; ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன், போகிற போக்கில் உள்ளே நுழைந்தது. இப்போது குழியின் நடுவில் இருக்கிறோம். நம் அருகிலுள்ள, விண்மீன் பிறக்கும் மேகங்கள் அநேகமாக எல்லாம் இந்தக் குமிழியின் ஓட்டின்மேல்தான் இருக்கின்றன. தள்ளப்பட்ட வாயுதான் அங்கே போய்க் குவிந்து விண்மீனாகிறது.

நம் குமிழியும் மூடியில்லாத பானைதான். மேலும் கீழும் தட்டைத் தாண்டித் திறந்திருக்கிறது. 2024இல் இரண்டு சேதிகள் வந்தன. இது குமிழியே அல்ல, புகைபோக்கி என்று சொல்லலாம் என்பது ஒன்று. குதிரைமனிதன் மண்டலத்தின் திசையில் சூடான வாயு ஓடும் சுரங்கம்போன்ற வழி ஒன்று தெரிகிறது என்பது மற்றொன்று. ஜெர்மானியரின் இரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கி, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்த்ததால் இது முடிந்தது. டான் காக்ஸும் பார்ஹாம் ஸ்மித்தும் 1974லேயே, சூப்பர்நோவாக் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுரங்க வலையாகும் என்று எழுதியிருந்தார்கள். எலிவளை மாதிரி. ஐம்பது வருஷம் கழித்து ஒரு வளையின் வாய் கண்ணில் பட்டிருக்கிறது.

கண்ணால் பார்த்தால் போதாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. இரும்பு-60 என்று ஒருவகை இரும்பு. சூப்பர்நோவாவில் சமைவது. 26 லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் கரையும். பூமி பிறந்தபோது கொஞ்சம் இருந்திருந்தாலும் இந்நேரம் ஒரு அணுகூட மிச்சமிருக்காது. ஆனால் மியூனிக் ஆய்வாளர்கள் பசிபிக் கடலடிப் பாறைப்படிவில் அதைக் கண்டார்கள். 2016இல் வால்னர் குழு இந்தியப் பெருங்கடல், பசிபிக், அட்லாண்டிக் மூன்றின் அடிமண்ணிலும் கண்டது. சுமார் 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்து விழுந்த இரும்பு. நம் குமிழிக்குள் நடந்த வெடிப்பின் சாம்பல், நாம் சங்குக்கும் முத்துக்கும் குளித்த கடலின் தென்தொடர்ச்சியில் கிடக்கிறது.

புதுமடம் கரையில் நின்று நேர் தெற்கே படகைச் செலுத்தினால் அண்டார்டிகாவரை பெரிய நிலம் எதுவும் குறுக்கே வராது. அந்த அண்டார்டிகாவில் சமீபத்தில் பெய்த பனியில் 500 கிலோவை அள்ளி, உருகாமல் மியூனிக்குக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அதிலும் இரும்பு-60 இருந்தது. 2019ஆம் ஆண்டுச் செய்தி. நாம் இப்போது கடந்துகொண்டிருக்கும் மெல்லிய மேகத்திலிருந்து இன்றும் அது விழுந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் காலையில் கூட்டம் அலைமோதும். அன்று இரவு நிலா கிடையாது, வாடை வீசி வானம் துடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இரவு ஒன்பது மணி வாக்கில் உங்கள் கடற்கரைக்குப் போங்கள். தெருவிளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். செல்போனைச் சட்டைப்பையில் போடுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் ஆகும். தெற்கே பார்த்தால் வெள்ளையாக ஒரு பெரிய விண்மீன் நிற்கும். தமிழில் அகத்திய நட்சத்திரம், அரபியில் சுஹைல். அந்தப் பெயருள்ள பையன் உங்கள் வகுப்பிலேயே இருப்பான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி பத்து டிகிரி. சுஹைல் கடலிலிருந்து மூன்று முட்டிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் இருக்கும். அதிலிருந்து கீழே வந்து, சற்று வலப்பக்கம், கடல்கோட்டுக்கு ஒரு முட்டி மேலே பாருங்கள். புகைத்துண்டுபோல ஒரு மங்கல் தெரிந்தால் அதுதான் பெரிய மெகல்லன் மேகம். வட இந்தியாவில் பெரும்பகுதிக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை, உங்களுக்கு வருகிறது.

1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவு. அதற்குள் என்44 என்று ஒரு பெருங்குமிழி இருக்கிறது. ஒரு பக்கம் ஓடு உடைந்து கொதிவாயு வெளியே வழிவதை எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறார்கள். அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் வீட்டிலாவது பைனாகுலர் இருந்தால் கேட்டு வாங்கிப் போங்கள். மேகத்தின் இடது ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு தெரியும். டரான்டுலா நெபுலா. அதன் நடுவில் ஆர்136 என்ற கொத்தில், சூரியனைப்போல நூறு மடங்குக்கு மேல் எடையுள்ள விண்மீன்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இன்னும் வெடிக்கவில்லை. இப்போது வீசுவது அவற்றின் காற்று மட்டும்தான். 1987 பிப்ரவரியில் அதற்குப் பக்கத்தில் ஒன்று வெடித்தது. தெற்கு நாடுகளில் வெறுங்கண்ணால் பார்த்தார்கள்.

மேகத்தை நேராக முறைத்துப் பார்க்காதீர்கள். மங்கலான பொருளைக் கண்ணின் ஓரத்தால்தான் பிடிக்க முடியும். பார்வையைச் சற்றே தள்ளி வையுங்கள், தானாகத் தெரியும். கடல்மேல் மூட்டம் இருந்து அன்று தெரியாமல் போனால் மறுநாள் நான்கு நிமிஷம் முன்னதாகப் போங்கள்.